கரை ரோட்டில் விழுந்த முளைப்பாரி

2006-ஆம் வருஷம் என்று நினைக்கிறேன். ஆடி மாதம். திண்டுக்கல்லுக்கு மேற்கே பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் ஊர். அப்போது நான் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊருக்குக் கடல் இல்லை, ஆறும் இல்லை. ஒரு பெரிய குளம் உண்டு. அதன் கரைமேல்தான் ரோடு. ஒரு பக்கம் தண்ணீர். மறுபக்கம் பள்ளத்தில் தென்னந்தோப்பும் பூக்காடும். மேற்கே இருக்கிற கிராமங்களில் இருந்து ஊருக்குள் வர அதுதான் குறுக்கு வழி. செங்கல் லாரி, தேங்காய் லாரி, டிராக்டர், பூ மூட்டை கட்டிய டி.வி.எஸ். வண்டிகள், இரண்டு மினி பஸ், எல்லாம் அந்த ஒற்றை ரோட்டில்தான். தடுப்புச் சுவர் கிடையாது. லாரி வந்தால் நடக்கிற ஆள் சரிவில் ஒரு காலை வைத்து நின்றுகொள்ள வேண்டும். லாரி போனதும் மறுபடி ஏறி நடக்க வேண்டும். ஊரில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. எனக்கு அது கண்ணிலேயே பட்டதில்லை. டிரைவர் சீட்டில் இருந்து பார்த்தால் ரோடு தெரியும். ஓரம் தெரியாது.

காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுத்தால் ராத்திரி விடும்வரை எட்டு நடை. கிராமத்து ஆட்களை ஏற்றிவந்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் விட வேண்டும். அங்கே அவர்கள் திண்டுக்கல் வண்டியைப் பிடிப்பார்கள். நாங்கள் தாமதமாகப் போனால் அந்த வண்டி நிற்காது. அதைத் தவறவிட்டவர் அடுத்த நாள் எங்கள் வண்டியில் ஏற மாட்டார். எங்களுக்கு முன்னால் இன்னொரு மினி பஸ் ஓடியது. அது வேண்டுமென்றே மெதுவாகப் போகும், எங்கள் ஆட்களையும் சேர்த்து ஏற்றிக்கொள்வதற்காக. அதைப் பின்னால் இருந்து விரட்டிக்கொண்டே போக வேண்டும். என் மனைவியின் தம்பிதான் கண்டக்டர். அவன் வாயும் என் கையும் ஓய்ந்ததில்லை. அவனுக்கு விசில், எனக்கு ஹாரன்.

கரையில் மதகு இருக்கிற இடம் மேடு. அங்கிருந்து படித்துறை வரைக்கும் இறக்கம். மதகைத் தாண்டியதும் நான் கியரை நியூட்ரலில் தள்ளி எஞ்சினை அணைத்துவிடுவேன். வண்டி தானாக உருண்டு போய்விடும். டீசல் மிச்சம். முதலாளி எங்களிடம் எதிர்பார்த்ததே அந்த மிச்சத்தைத்தான். இது தப்பு என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். எல்லா டிரைவரும் செய்வோம்.

அன்றைக்கு அம்மன் கோயில் முளைப்பாரி கரைக்கிற நாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் சட்டியில் எருவைப் போட்டு நவதானியம் தூவி, வெளிச்சம் படாத அறையில் வைத்து ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். ஒரு முழம் வளர்ந்து நிற்கும். அதைத் தலையில் ஏற்றி, கொட்டோடு குலவை போட்டுக்கொண்டு போய்க் குளத்தில் கரைப்பார்கள். கோயிலில் தலைக்கு ஏற்றினால் தண்ணீரில்தான் இறக்க வேண்டும். நடுவில் தரையில் வைக்கக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. யாருக்கு வேண்டுதலோ அவர் நல்லது கெட்டது அந்தச் சட்டியில் இருக்கிறது என்பது நம்பிக்கை. இதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை. என் மனைவியும் இரண்டு வருஷம் எடுத்திருக்கிறாள்.

சாயங்காலம் ஐந்து மணி நடை. மதகுக்கு வரும்போதே கொட்டுச் சத்தம் படித்துறையில் கேட்டது. எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். ஏற்கெனவே நேரம் போயிருந்தது. எஞ்சினை அணைத்து உருளவிட்டேன். வேலமரத்து வளைவைத் திரும்பினால், பின்தங்கிய பெண்கள் ஏழெட்டுப் பேர் ரோட்டை அடைத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் முளைப்பாரி. குலவை போட்டுக்கொண்டிருந்ததால் வண்டி வந்த சத்தமே அவர்களுக்குக் கேட்கவில்லை. எஞ்சின் ஓடினால்தானே கேட்கும்.

பக்கத்தில் போய் ஹாரனை அழுத்தினேன். ஏர் ஹாரன். விடாமல் அழுத்தினேன்.

மற்றவர்கள் ஓரம் ஒதுங்கினார்கள். நடுவில் போன ஒரு அம்மா மட்டும் அதிர்ந்து தண்ணீர்ப் பக்கம் கால் வைத்தார். அங்கே ஓரம் மண் சரிந்திருந்தது. கால் வழுக்கியது. கடைசிவரை இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்திருந்தார். அதனால் கீழே ஊன்றக் கை இல்லை. முட்டி தரையில் இடிக்க விழுந்தார். சட்டி உருண்டு, கரை அரிக்காமல் இருக்கப் பதித்த கல்லில் மோதி உடைந்தது.

நான் பிரேக்கை மிதித்தேன். எஞ்சின் அணைந்திருந்ததால் பிரேக் கட்டை மாதிரி இருந்தது. சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தேன். வண்டி நின்றபோது முன் சக்கரத்துக்கும் அவர் காலுக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

குலவை நின்றுவிட்டது. யாரும் திட்டவில்லை. அந்த அம்மா எழுந்தார். சேலையில் முட்டி இருந்த இடம் நனைந்து சிவந்தது. முந்தானையை விரித்து, சிதறிக் கிடந்த முளைகளை வேரோடும் எருவோடும் அள்ளிப் போட்டார். ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். கூட வந்த பெண்கள் சுற்றி நின்றார்கள். தலையில் சட்டி இருந்ததால் ஒருவராலும் குனிய முடியவில்லை. இறக்கி வைக்கவும் முடியாது. சும்மா நின்றார்கள்.

குனியக்கூடிய ஆள் நான்தான். நான் இறங்கவில்லை.

மச்சினன் பின்னால் இருந்து மெதுவாகச் சொன்னான்.

"வண்டிய எடுங்க மச்சான். திண்டுக்கல் வண்டி போயிரும்."

அந்த அம்மா மடியோடு சரிவில் இறங்கித் தண்ணீருக்குள் போவது வரைக்கும் கண்ணாடியில் தெரிந்தது. நான் வண்டியை எடுத்தேன். அன்றைக்குத் திண்டுக்கல் வண்டியைப் பிடித்துவிட்டோம்.

மறுநாள் காலை முதல் நடை. படித்துறை ஸ்டாப்பில் ஒரு பூ மூட்டை ஏறியது. தினமும் ஏறுகிற மூட்டைதான். இத்தனை வருஷமாக எனக்கு மூட்டையைத்தான் தெரியும், ஆளைத் தெரியாது. அன்றைக்கு ஆளைப் பார்த்தேன். அந்த அம்மாதான். முட்டியில் துணி கட்டியிருந்தது. காலை நீட்டி, எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்தார்.

மச்சினன் விசாரித்து வந்து சொன்னான். விடிவதற்கு முன்னால் மல்லிகை மொட்டு பறித்து, ஈரத்துணியில் கட்டி, எங்கள் வண்டியில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்குப் போகிற ஆளிடம் கொடுத்துவிட்டு அதே வண்டியில் திரும்புகிறவர். மொட்டு வெடித்துவிட்டால் யாரும் வாங்க மாட்டார்கள். புருஷன் தேங்காய் வெட்ட மரம் ஏறுகிறவர். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் மரத்தில் இருந்து விழுந்துவிட்டார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவர் எழுந்து நடக்க வேண்டும் என்றுதான் முளைப்பாரி.

அதைக் கேட்ட பிறகு, ஏதாவது சொல்ல வேண்டும் என்று தினமும் நினைப்பேன். பத்து நாள் கழித்து ஒரு காலையில் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"முட்டி எப்படி இருக்குக்கா?"

"இருக்கு."

அவ்வளவுதான் பேச்சு.

இதற்குள் ஊரில் வேறு ஒரு பேச்சு கிளம்பியது. காலையில் கரையில் நடக்கப் போகிற சிலர், கோயில் கமிட்டிக்காரர்கள், பள்ளிக்கூடத்து டீச்சர்கள் எல்லோரும் சேர்ந்து பேரூராட்சிக்கு மனு கொடுத்தார்கள். கரை ரோட்டில் எந்த வண்டியும் போகக் கூடாது. கல் பதித்து, மரம் வைத்து, உட்கார இடம் போட்டு, ஜனங்கள் நடக்கிற இடமாக மாற்ற வேண்டும். வண்டிகள் வெளி ரோட்டில் சுற்றிப் போகட்டும். சுற்றினால் மூன்று கிலோமீட்டர் கூடும். மனுவில் முதல் காரணமாக எழுதியிருந்தது முளைப்பாரி விழுந்ததைத்தான்.

லாரிக்காரர்களும் இரண்டு மினி பஸ் முதலாளிகளும் ஒன்றுசேர்ந்துவிட்டார்கள். பேரூராட்சி ஆபீஸ் மாடியில் கூட்டம் என்று சொன்னார்கள். அதற்கு முதல் நாள் முதலாளி ஷெட்டுக்கு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. வண்டியை வைத்துப் பிழைக்கிறவர்.

"ஏப்பா, நீதான் அஞ்சு வருசமா கரையில ஓட்டுற. ஒரு ஆளையும் இடிக்கலைன்னு மட்டும் சொல்லு. நான் ஒன்னயப் பொய் சொல்லச் சொல்லல. இடிக்கலதான?"

இடிக்கவில்லைதான். தலையை ஆட்டினேன்.

கூட்டத்தில் நல்ல ஜனம். அந்த அம்மாவையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். மனு கொடுத்தவர்களுக்கு அவர்தான் சாட்சி. செயல் அலுவலர் மனுவைப் படித்துவிட்டு அவரைப் பார்த்துக் கேட்டார், பஸ் வந்துதான் விழுந்தீர்களா என்று.

அந்த அம்மா எழுந்து நின்றார். தரையைப் பார்த்துச் சொன்னார்.

"இல்ல சார். கூட்டத்துல நானா கால் இடறி விழுந்துட்டேன்."

பின்னால் ஒரு பெண் சத்தமாகவே சொன்னார், "ஏன்டி, நான் ஒன் பின்னாடிதான வந்தேன்? எனக்கே காது அடச்சுப்போச்சு."

"எனக்கு இடறுச்சு. ஒனக்கு எப்படித் தெரியும்?" என்று அந்த அம்மா திரும்பாமலே பதில் சொன்னார். உட்காரும்போது ஒரே ஒரு தடவை என்னைப் பார்த்தார்.

எனக்குப் புரிந்தது. என்மேல் இரக்கப்பட்டுச் சொன்னது இல்லை அது. கரையில் பஸ் நின்றுபோனால் விடிகாலையில் பூ மூட்டையை யார் ஏற்றுவார்கள்? அசையாமல் கிடக்கிற மனுஷனைத் தனியாக விட்டுவிட்டு எவ்வளவு நேரம் வெளியே இருக்க முடியும்? பஸ் வேண்டும் அவருக்கு. அதற்காகத் தன் சட்டி விழுந்ததையும் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன்.

"இடிக்கல சார்" என்றேன்.

முதலாளி தலையை ஆட்டினார். அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். அலுவலரும் அடுத்த பேப்பரை எடுத்துவிட்டார். மச்சினன் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தான். ஆனால் முட்டி மடங்கவில்லை.

"இடிக்கல. எஞ்சின அமத்திட்டு சத்தமில்லாம வந்தேன். பின்னாடி வந்து ஹாரன் அடிச்சேன். அதுலதான் அந்தக்கா விழுந்துச்சு. நான் எறங்கிக்கூடப் பாக்கல."

உட்கார்ந்தேன். காதுக்குள் ஹாரன் மாதிரியே ஒரு சத்தம். யார் என்ன பேசினார்கள் என்று தெரியவில்லை.

நல்லவன் என்று பெயர் எடுக்கச் சொல்லவில்லை. தினமும் அந்த அம்மாவை முதுகுக்குப் பின்னால் வைத்து வண்டி ஓட்ட என்னால் முடியவில்லை. அலுத்துவிட்டது. அவ்வளவுதான்.

கீழே இறங்கியதும் முதலாளி கையை நீட்டினார். "சாவியக் குடுத்துட்டுப் போப்பா" என்றார். சத்தம் போடவில்லை. கொடுத்தேன். மச்சினன் இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. என் மனைவி மட்டும் கேட்டாள், "சொல்லணும்னா வீட்டுல வந்து எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா? ஊரக் கூட்டி வச்சா சொல்லணும்?"

அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது.

ஒரு மாதத்துக்கு மேல் வேலை இல்லை. அப்புறம் ஒரு நூல் மில்லில், வேலைக்கு வருகிற பெண்களை ஏற்றிவருகிற வேன் ஓட்டக் கிடைத்தது. மனுவில் கேட்டபடியே பேரூராட்சி முடிவெடுத்து, பொங்கல் முடிந்து கரையில் வேலை ஆரம்பித்தார்கள். தாரைக் கொத்தி எடுத்துக் கல் பதித்தார்கள். தண்ணீர்ப் பக்கம் இடுப்பு உயரத்துக்குச் சுவர். சிமெண்ட் பெஞ்சுகள். புங்கன் கன்று. இரண்டு முனையிலும் வண்டி நுழையாமல் இருக்கக் கல்லுக்கால்களை வரிசையாக நட்டார்கள். சைக்கிளைக்கூடச் சாய்த்துத்தான் நுழைக்க வேண்டும், அவ்வளவு நெருக்கம். மினி பஸ் வெளி ரோட்டில் சுற்றிப் போனது. படித்துறை ஸ்டாப் இல்லாமல் போனது.

ஒரு விடிகாலையில் சைக்கிளில் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கரை முனையில் அந்த அம்மா எதிரே வந்தார். தலையில் பூ மூட்டை. கரை முழுக்க நடந்து வந்து இனி வெளி ரோட்டில் போய் பஸ் பிடிக்க வேண்டும். என்னைப் பார்த்து நின்றார்.

"வாயத் தொறந்து என்னத்தக் கண்ட? நீயும் வண்டி இல்லாம நிக்கிற. நானும் நடையா நடக்கிறேன்."

சைக்கிளில் இருந்து இறங்கினேன். "கொண்டாங்கக்கா, கேரியர்ல வச்சுக் கொண்டுபோயிப் போட்டுர்றேன்" என்றேன்.

"ஏற்கெனவே ஒண்ணத் தள்ளிவிட்டது போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எனக்கு அது வலிக்கவில்லை. அவர் அதைச் சொன்ன பிறகுதான் எனக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மில் லீவு. ரோடு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம் என்று சாயங்காலம் போனேன். அந்தக் கரையில் அதுவரை நான் நடந்ததே இல்லை. ஐந்து வருஷம் ஓட்டிய ரோட்டில் எனக்கு ஒரு இடமும் அடையாளம் தெரியவில்லை. தண்ணீரில் கொக்கு நின்றது. ஓரத்தில் ஒரு திட்டாகத் தாமரை இருந்தது. அது எத்தனை வருஷமாக இருக்கிறதோ. மில்லில் வேலை செய்கிற பெண்கள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு பெஞ்சில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார்கள். யாரும் சரிவில் கால் வைத்து நிற்கவில்லை.

திரும்பி வரும்போது முனையில் பேச்சுச் சத்தம். அந்த அம்மாதான். பக்கத்தில் கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர சைக்கிள், கால் நடக்காதவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிறது. அதில் அவர் புருஷன். நல்ல அகலமான தோள். கால் இரண்டும் துணி மாதிரித் தொங்கின. பேரூராட்சி வாட்ச்மேன் குறுக்கே நின்றார்.

"வண்டி உள்ள போகக் கூடாதுண்ணே. அதான் ரூலு."

"இது வண்டி இல்லப்பா, என் காலு" என்றார் அவர். "கால வெளிய கழட்டி வச்சுட்டு வரச் சொல்றியா?"

வாட்ச்மேனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் விட்டாலும் இந்தக் கல்லு விடாதேண்ணே" என்றார். அதுவும் உண்மைதான். இரண்டு கல்லுக்கால்களுக்கு நடுவே இருந்த இடத்தில் சைக்கிளின் பாதிகூட நுழையாது.

அந்த அம்மா சொன்னார், "ரெண்டு வருசமா கூரையத்தான் பாத்துக்கிட்டுக் கெடக்குறாரு. வெளிய கூட்டிட்டுப் போனா லாரிக்காரன் வாரான், பஸ்காரன் வாரான்னு பயம். இங்கதான் ஒண்ணும் வராதேன்னு கூட்டியாந்தேன்."

நான் போய்ப் புருஷனுடைய கக்கத்தில் கை கொடுத்தேன். வாட்ச்மேனைக் காலைப் பிடிக்கச் சொன்னேன். தூக்கி, கல்லுக்குள் நுழைந்து, உள்ளே முதல் பெஞ்சில் உட்கார வைத்தோம். பிறகு சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கி அந்தப் பக்கம் இறக்கினோம். மறுபடி அவரைத் தூக்கி அதில் வைத்தோம். மூச்சு வாங்கியது. மரம் ஏறின உடம்பு, கனம்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "யாருப்பா நீ?"

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா சொன்னார். "மினி பஸ்ஸு டைவரு."

"ஓ. சட்டிய ஒடச்ச ஆளா?"

"ஆமாண்ணே" என்றேன்.

குளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சட்டி விழுந்துச்சு, அதான் நீங்க எந்திரிக்கலைன்னு இவ தெனமும் பொலம்புறா. ஏம்ப்பா டைவரு, நான் மரத்துல இருந்து விழுந்தன்னைக்கு எவன்ப்பா ஹாரன் அடிச்சான்?"

வாட்ச்மேன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த அம்மாவும் சிரிக்கவில்லை. "பேச்சப் பாரு" என்று முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். புருஷன் என்னை விட்டுவிட்டார். அந்த அம்மா விடவில்லை. அதுதான் சரி என்று எனக்குப் பட்டது. ஒன்பது நாள் தண்ணீர் தெளித்து வளர்த்தது அவர்தானே.

அடுத்த ஞாயிறும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. நாலு மணிக்குப் போய் கல்லுக்கால் பக்கத்தில் நின்றேன். அவர்கள் வந்தார்கள். தூக்கினோம். இருட்டுவதற்குள் திரும்பவும் தூக்கி வெளியே விட்டோம். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். ஒரு கல்லை மட்டும் பிடுங்கிவிட்டால் போதும் என்று பேரூராட்சி ஆபீஸில் மூன்று தடவை போய்ச் சொன்னேன். பார்க்கலாம் என்றார்கள். ஒரு கல்லை எடுத்தால் டி.வி.எஸ். வண்டிகள் எல்லாம் உள்ளே வந்துவிடும் என்றார்கள். அதுவும் நிஜம்தான். பிடுங்குகிற வரைக்கும் தூக்கினேன். மில்லில் வேலை கூடுதலாக இருக்கிற வாரம் முதுகு கெஞ்சும். என் மனைவி, இது யாருக்கு வேண்டுதல் என்று கேட்டாள்.

மறுபடி ஆடி வந்தது. அந்த அம்மா மறுபடியும் முளைப்பாரி போட்டிருந்தார். கரைக்கிற அன்று மில்லில் அரை நாள் லீவு கேட்டு வந்தேன். புருஷனை உள்ளே ஏற்றிவிட்டுச் சுவர் ஓரமாக நிறுத்திக்கொண்டு நின்றேன். கொட்டு முதலில் வந்தது. பின்னால் பெண்கள், ரோட்டின் முழு அகலத்துக்கும், அவசரம் இல்லாமல். குலவை இந்தக் கரையில் எழும்பி அந்தக் கரையில் முட்டித் திரும்பிவந்தது. அத்தனை வருஷம் அந்தச் சத்தத்தை நான் வண்டிக்குள் இருந்துதான் கேட்டிருக்கிறேன். ஹாரன் அடித்து நாங்களே அதை அமுக்கியும் இருக்கிறோம்.

அந்த அம்மா எங்களைத் தாண்டிப் போனார். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்க்கவில்லை. லேசாகக் காலைச் சாய்த்துத்தான் நடந்தார். முட்டி இன்னும் சரியாகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தினமும் பார்த்த கால்தான். கவனித்ததில்லை.

"பின்னாடியே தள்ளுப்பா" என்றார் அவர் புருஷன். தள்ளிக்கொண்டு போனேன். அந்த அம்மா படித்துறையில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, சட்டியை இறக்கிக் கரைத்தார். ஒரு முளைகூடக் கீழே விழவில்லை.

புருஷன் எழுந்து நடந்தாரா என்று கேட்பீர்கள். இல்லை. நடக்கவில்லை. மதுரை பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டாராம், இனி எழ மாட்டார் என்று. அது அந்த அம்மாவுக்கும் தெரியும். தெரிந்துதான் இரண்டு வருஷமும் சட்டி எடுத்தார்.

ஈரச் சேலையோடு படி ஏறி வந்தவர் புருஷனுக்குத் திருநீறு பூசினார். என் பக்கம் பார்த்தார். அந்த ஒரு வருஷத்தில் அவராக என்னிடம் திட்டாமல் பேசியது அப்போதுதான்.

"வர்ற ஞாயித்துக்கெழமை செத்த முன்னாடியே வா தம்பி. வெயில் தாழ்ந்தா கூட்டமாயிருது."

சரி என்றேன்.

அதற்கடுத்த வருஷம் ஒரு கல்லை எடுத்துவிட்டு, சங்கிலி போட்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார்கள். தூக்க ஆள் வேண்டியதில்லை. அப்புறமும் ஞாயிறு தவறாமல் போய்க் கூடவே தள்ளிக்கொண்டு நடந்தேன். புருஷன் ஐந்து வருஷம் அந்தக் கரையைப் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். அந்த அம்மா இப்போது பூ பறிக்கப் போவதில்லை, முட்டி விடுவதில்லை. சாயங்காலம் கரையில் அவர் வழக்கமாக உட்காருகிற பெஞ்ச் ஒன்று உண்டு. பார்த்தால் "வாப்பா" என்பார். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு இருக்காது.

நான் இன்னும் வேன்தான் ஓட்டுகிறேன். முன்னால் யாராவது மெதுவாகப் போனால் கை பழக்கத்தில் ஹாரனுக்குப் போகும், அப்போதெல்லாம் அன்றைக்குக் கரையில் நான் திறக்காமல் விட்ட டிரைவர் கதவு ஞாபகம் வந்து, முதலில் இறங்கிப் பார்க்கலாமா என்றுதான் தோன்றுகிறது.